மனநலத்தில் நூற்றுக்கு நூறு

எட்டாம் வகுப்புக்கு மனநலம் சொல்லித்தரும் பொறுப்பு கணக்கு வாத்தியார் தலையில் விழுந்தது. அவருக்கு அதில் ஞானம் இருந்தது என்று யாரும் அபாண்டமாகப் பேசிவிட வேண்டாம். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் அவருக்குக் காலியாக இருந்தது, அவ்வளவுதான். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'விடைக்குறிப்பு'.

மேலிடத்திலிருந்து வந்த புத்தகத்தில் 'மாணவர்களைப் பேச விடுங்கள்' என்று பக்கத்துக்குப் பக்கம் போட்டிருந்தது. பரீட்சைக்கு வராத சங்கதி என்று வாத்தியார் அதையெல்லாம் அடித்துவிட்டார். மிச்சத்தைக் கேள்வி பதிலாக்கி, 'மனச்சோர்வின் அறிகுறிகள் ஐந்து, மதிப்பெண் ஐந்து' என்று போர்டில் எழுதிப் போட்டார். நாற்பது பிள்ளைகளும் சோர்ந்துபோய் எழுதிக்கொண்டார்கள்.

முதல் பெஞ்சில் இருந்த மருந்துக்கடைக்காரர் மகள் மட்டும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்துவிட்டாள். அவளுக்கு என்ன கஷ்டம்? தூக்கமில்லை, பசியில்லை, காரணமில்லாத அழுகை, எதிலும் ஆசையில்லை, தன்மேலேயே வெறுப்பு. ஐந்தும் ஒரு மாதமாக அவளிடம்தான் குடியிருந்தன. 'நம்பகமான பெரியவரிடம் சொல்லுங்கள்' என்றது நாலாம் பாடம். அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் அலமாரியிலிருந்து ஒரு சத்து டானிக்கை எடுத்து நீட்டினார். மிச்சமிருந்த பெரியவர் வாத்தியார்தான்.

பாடத்தால் பலன் உண்டா என்று பார்க்க மேலிடத்தார் ஒரு படிவம் அனுப்பினார்கள். 'கடந்த இரண்டு வாரத்தில் மனம் வெறுத்துப்போனதா?' என்கிற ரகத்தில் பத்துக் கேள்விகள். பென்சிலால் குறிக்க, 'ஒருபோதும் இல்லை' தொடங்கி 'தினமும்' வரை நாலு கட்டங்கள். விடையைச் சொல்லாமல் வாத்தியார் வாழ்நாளில் ஒரு தாளையும் கொடுத்ததில்லை.

"பத்துக்கும் முதல் கட்டம்தான் சரி. டிக் போடு, கொண்டா."

முப்பத்தொன்பது பேர் சரியாக எழுதினார்கள்.

"என்னம்மா, ஃபர்ஸ்ட் ரேங்க் எடுக்கிற பொண்ணு, பத்தும் தப்பா போட்டிருக்க?"

"எனக்கு அப்படித்தான் சார் இருக்கு."

"உனக்கு எப்படி இருக்குன்னு யாரு கேட்டா? கேள்விக்குப் பதில் எழுது."

"கேள்வியே அதான் சார்."

வாத்தியார் குரலை இறக்கினார், கடை சாத்தும் நேரத்தில் விலையில் கழிவு கேட்கிறவர் மாதிரி. "சரி, உன் பேச்சும் வேணாம், என் பேச்சும் வேணாம். 'எப்போதாவது'ன்னு போட்டுடு."

"தினமும் சார்."

"அட, சனி ஞாயிறு லீவுதானே? அதைக் கழிச்சா 'சில நாள்'தானே வருது?"

"லீவுலதான் சார் ஜாஸ்தி."

பேரம் படியவில்லை. வாத்தியார் ரப்பரை எடுத்து, பத்தையும் அழித்து, தாமே திருத்தினார்.

தேர்ச்சி நூறு சதவீதம்! பாராட்டுவதற்காக மேலிடத்திலிருந்து மனநல ஆலோசகர் அம்மா ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். தலைமையாசிரியை அரங்கில் மேசைக்குப் புது விரிப்புப் போட்டு, முதல் மதிப்பெண்காரியை மேடையேற்றினார்.

"சொல்லும்மா, அறிகுறி அஞ்சும்."

தங்குதடையில்லாமல் சொன்னாள். நிறுத்தாமல், அதே குரலில், "இந்த அஞ்சும் எனக்கு இருக்கு. சார்கிட்ட எழுதிக் கொடுத்தேன், அழிச்சிட்டாரு" என்றும் சொன்னாள்.

அரங்கமே கைதட்டியது. ஒப்பித்து முடித்தால் தட்ட வேண்டும் என்று அவர்களைப் பழக்கியிருந்தார்கள். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார் தலைமையாசிரியை. "நடிச்சும் காட்டுறா பாருங்க மேடம்!"

வந்த அம்மா தட்டவில்லை. பெண்ணின் அருகே போனார்.

"எத்தனை நாளா, கண்ணு?"

"ஒரு மாசமா."

தனியாகப் பேச ஓர் அறை கேட்டார். பழைய பரீட்சைத் தாளை அடுக்கிவைக்க அந்தப் பள்ளியில் மூன்று அறைகள் இருந்தன. ஒரு பிள்ளை உட்கார்ந்து அழ ஒன்றுகூட இல்லை. அந்த அம்மா யோசிக்கவில்லை. மொத்தக் கூட்டத்தையும் வெளியே அனுப்பி, அரங்கக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"என்ன சார் இது?" என்று வராந்தாவில் பல்லைக் கடித்தார் தலைமையாசிரியை.

"பதில் சரியாத்தான் மேடம் சொன்னா," என்றார் வாத்தியார். "கடைசி வரி மட்டும்தான் புத்தகத்துல இல்ல."

உள்ளே அவள் பேசிக்கொண்டிருந்தாள். பள்ளி விடும் மணி அடித்தது. கதவு திறக்கவில்லை.