நடக்காமல் போன வெள்ளிக்கிழமை

1

இந்தக் கதையை ஒரு சலவைக் கடையில் வாங்கினேன். வாஷிங்டன் மாநிலத்தில், ஒரு மர மில்லை நம்பிப் பிழைக்கும் சிற்றூரில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். வீட்டு மெஷின் பழுதான ஒரு சனிக்கிழமை, பக்கத்து மெஷினில் லோர்னா பிரூயிட் போர்வை துவைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஐம்பத்தோரு வயது.

"உன்கிட்ட ஒரு விஷயம் சொல்றேன், எழுதிக்கோ. ஆனா டிவிக்காரன் மாதிரி எழுதாதே."

அன்று மாலையே உட்கார்ந்தேன். முதல் வரி: "முதல் தோட்டா பாய்ந்தபோது…" [அடித்துவிட்டேன். தோட்டா எதுவும் பாயவில்லை.] இரண்டாவது: "பதினோரு உயிர்கள் ஒரு நூலிழையில்…" [இதற்கு டிவியே பரவாயில்லை.] மூன்றாவது: "லோர்னாவுக்கு ஒரு தம்பி இருந்தான்." இருந்தான் என்று எழுதினால் செத்துவிட்டான் என்று நினைப்பீர்கள். இருக்கிறான். பெயர் வெண்டல். நன்றாகவே இருக்கிறான். பயப்படாமல் படியுங்கள்.

2

வெண்டலுக்கு அப்போது நாற்பத்து நாலு. மில்லில் இருபத்திரண்டு வருடம் ரம்பம் ஓட்டியவன். ஆள்குறைப்பில் அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆபீஸில் இருந்த பதினோரு பேரின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த அக்டோபரில், ஆயிரம் மைலுக்கு அப்பால், மளிகை வாங்க வந்த கூட்டத்துக்குள் ஒருவன் புகுந்து சுட்டான். [பெயர் எனக்குத் தெரியும். இங்கே அவனுக்கு இடமில்லை.] ஒன்பது நாள் டிவி அந்த முகத்தை விட்டு நகரவில்லை. அவன் படித்த பள்ளி, வாங்கிய துப்பாக்கி, எந்த வாசல் வழியாக நுழைந்தான் என்று அம்புக்குறி போட்ட படம். செத்தவர்களின் முகங்கள் திரைக்கு அடியில் தபால்தலை அளவில் ஓடின.

பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, லோர்னா தம்பிக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். அவன் திரையை விட்டுத் திரும்பவில்லை.

"இருபத்திரண்டு வருஷம், லோர்னா. என் போட்டோவை எவனாச்சும் நோட்டீஸ் போர்டுலயாவது ஒட்டினானா? இவனைப் பாரு. நாடு பூரா இவன் பேருதான்."

"எட்டுப் பேரைக் கொன்னவன்டா அவன்."

"தெரியும்." டிவி சத்தத்தைக் குறைத்தான். "மில் ஆபீஸ்காரனுங்க வெள்ளிக்கிழமை சாயங்காலமானா டோனெல்லி பீட்சா கடையிலதான் இருப்பானுங்க. அந்தக் கடைக்கு ஒரே வாசல். கவனிச்சிருக்கியா?"

அவள் கவனித்ததில்லை. அந்த வீட்டில் அப்பா விட்டுப்போன நாலு வேட்டைத் துப்பாக்கிகள் இருந்தன. சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். காரைக் கிளப்ப வீட்டுச் சாவியைத் துளையில் திணித்துக்கொண்டிருந்தாளாம்.

3

புதன் காலை, பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே கோர்ட்டுக்குப் போனாள். ஆபத்து என்று குடும்பத்தார் மனு கொடுத்தால், ஒருவரின் துப்பாக்கிகளைக் கொஞ்ச காலத்துக்கு வாங்கிவைக்க அங்கே சட்டம் உண்டு. படிவத்தில் ஒரு கட்டம்: அஞ்சுவதற்குக் காரணம் என்ன?

"என் தம்பி ரொம்ப நல்லவன்" என்று எழுதினாள். அடித்தாள். "கோபத்தில் ஏதோ சும்மா" என்று எழுதினாள். அடித்தாள். "அவன் யாரையும்" என்று தொடங்கி, அப்படியே நிறுத்தினாள்.

கவுன்டரில் இருந்த பெண்மணி எட்டிப் பார்த்தார். "அம்மா, அவர் நல்லவரா கெட்டவரான்னு கோர்ட் கேக்கல. என்ன சொன்னாரோ அதை எழுதுங்க, போதும்."

ஒரே வாசல் என்று அவன் சொன்னதை எழுதினாள். மதியத்துக்குள் நீதிபதி கையெழுத்துப் போட்டுவிட்டார்.

[முப்பது வருடமாக எழுதுகிறேன். அந்தக் கவுன்டர் அம்மாள் சொன்னதை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.]

4

வியாழன் காலை ஷெரிஃப் ஆபீஸிலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் வெண்டல் வீட்டுக்குப் போனார்கள். ஒருவன் கர்ட், வெண்டலோடு பள்ளியில் படித்தவன். லோர்னா தெருமுனையில் காரில் இருந்தாள். [அங்கிருந்து பேச்சு கேட்குமா என்று எனக்குச் சந்தேகம். கேட்டது என்கிறாள். பேருந்தின் கடைசி வரிசையில் யார் கிசுகிசுக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிற காது அது. நம்புகிறேன்.]

"வெண்டல், நான்தான் கர்ட். காபி இருக்கா?"

"போலீஸா வந்து காபி கேக்குறியா?"

"உன்மேல கேஸ் இல்லப்பா. உன்னைக் கூட்டிட்டுப் போகவும் வரல. உன் துப்பாக்கிங்க கொஞ்ச நாள் எங்ககிட்ட இருக்கட்டும்னு கோர்ட் சொல்லுது. அவ்வளவுதான்."

வெண்டல் உள்ளே திரும்பினான்.

இந்த இடத்தில் என் கை அரித்தது. கதவு படாரென்று சாத்திக்கொள்கிறது, கர்ட் தரையில் பாய்கிறான் என்று நாலு பக்கம் எழுதினேன். விறுவிறுப்பாகத்தான் இருந்தது. கிழித்துப்போட்டேன். நடந்தது இதுதான்: நாலு துப்பாக்கிகளையும் வெண்டல் எடுத்து வந்து கொடுத்தான், ரசீது வாங்கிக்கொண்டான். கர்ட் படியிறங்கும்போது, "நில்லு" என்றான். உள்ளே போனான். லோர்னா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தாள்.

நீளமான ஒரு பெட்டியோடு வந்து, அதைப் போலீஸ் கார்மேல் வைத்தான். "இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. போன மாசம் வாங்கினது."

அப்புறம்தான் அக்காவின் காரைப் பார்த்தான். "நீ என் அக்காவே இல்ல!" என்று தெருவே கேட்கக் கத்தினான்.

5

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு லோர்னா டோனெல்லி கடையில் போய் உட்கார்ந்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. பதினோரு பேரும் வந்தார்கள், சிலர் குடும்பத்தோடு. பீட்சாவில் அன்னாசி போடலாமா கூடாதா என்று சண்டை. ஒரு குழந்தை தன் துண்டைக் கீழே போட்டுவிட்டு ஊரைக் கூட்டியது.

"என்ன லோர்னா, தனியா? இங்க வா. வெண்டல் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான்" என்றாள். வாய்க்கு வந்ததைச் சொன்னவளுக்கு, அது நிஜம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. ஒரு முழு பீட்சாவைத் தின்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மிளகாய்த்தூள் என்று சொல்லிச் சமாளித்தாள்.

அந்தப் பதினோரு பேருக்கும் இன்றுவரை தெரியாது. [தமிழில் எழுதுவதில் இப்படி ஒரு வசதி.]

6

கோர்ட் விசாரணை முடிந்து, ஆணையை ஒரு வருடத்துக்கு நீட்டித்த அன்று, நகரத்து சேனலிலிருந்து ஒரு பையன் மைக்கோடு லோர்னாவைத் தேடி வந்தான்.

"உங்க தம்பி லிஸ்ட் ஏதாவது வெச்சிருந்தாரா? பேர் எழுதின லிஸ்ட்?"

"வெச்சிருந்தான். பால், முட்டை, நாய் பிஸ்கட்."

"துப்பாக்கியோட இருக்கிற போட்டோ?"

"பூசணிக்காயோட இருக்கு, வேணுமா?"

போனவன் போனவன்தான். யாரும் சாகாத ஊர் எந்தச் சேனலிலும் வரவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. சலவைக் கடையில் நானும் கேட்டேன்: லிஸ்ட் இருந்ததா? போர்வையை மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "நீயுமா?" என்றாள். போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்ய?

7

ஐந்து மாதம் வெண்டல் பேசவில்லை. மார்ச்சில் ஒருநாள் பேருந்து நிறுத்துகிற கொட்டகைக்கு வந்து நின்றான். மீன்பண்ணையில் வேலை கிடைத்திருந்தது. ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"அந்த வெள்ளிக்கிழமை வந்துடுமோன்னு எனக்கே பயமா இருந்துச்சு, லோர்னா. கர்ட் வந்து காபி கேட்டான் பாரு, அப்பாடான்னு இருந்துச்சு. அதைச் சொல்லத்தான் வாய் வரல."

"இப்பவாவது வந்துச்சே, எருமை" என்று அவன் தலையைப் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். மீன் நாற்றம் சட்டையிலிருந்து மூன்று முறை துவைத்தும் போகவில்லையாம்.

8

அடுத்த மாதம் அந்த ஒரு வருடம் முடிகிறது. துப்பாக்கிகளை அவன் திருப்பிக் கேட்கலாம். தடையை நீட்டிக்கச் சொல்லி அவளும் கேட்கலாம்.

முடிவு அ: அவன் திருப்பி வாங்குகிறான். [இதற்குமேல் எழுதினால் மைக் பிடித்த பையனுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை.]

முடிவு ஆ: ஐந்தையும் உருக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறான், அக்காவும் தம்பியும் கட்டிக்கொண்டு [போதும்.]

சரி, அவளையே கேட்டுவிடலாம் என்று சற்றுமுன் போன் செய்தேன்.

"எனக்கெப்படித் தெரியும்? அவன் இப்ப என் வீட்டுக் கூரைமேல நிக்கிறான். மழைத்தண்ணி போற குழாயில இலை அடைச்சுக்கிச்சு. ஏணியை நான்தான் புடிச்சிருக்கேன். ரெண்டு கையும் வேணும், வை போனை."

வைத்துவிட்டேன். மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவன் இறங்கி முடிக்கட்டும், அவசரமில்லை.