ஆறு சென்டிமீட்டர்

பைக் மெக்கானிக்கிடம் தங்கள் உண்மையான எடையைச் சொன்ன வாடிக்கையாளர் எவரும் இல்லை. ஐந்து கிலோவை வீட்டிலேயே இறக்கிவைத்துவிட்டுத்தான் வருவார்கள். அவரும் மறுபேச்சுப் பேசாமல் ஆளை வண்டியில் உட்காரவைத்து அளவு டேப்பைப் பிடிப்பார். எடைக்கு ஏற்ப இறுக்க வேண்டிய பின்சக்கர ஸ்பிரிங் பொய் சொல்லாது. ஒற்றை ஆளுக்கு மூன்று சென்டிமீட்டர் அமுங்கினால் சரி.

அன்று மத்தியானம் தங்கையின் கணவன் பைக்கோடு வந்து நின்றான். அவன் பின்னால் உட்கார்ந்து போன தங்கை ஒரு வளைவில் விழுந்து இறந்து நாலு மாதம் ஆகிறது. என்றாவது ஒருநாள் அவன் கேட்டுவிடுவானோ என்ற மெக்கானிக்கின் பயத்துக்கும் அதே வயது.

"மச்சான், வளைவுல பின்பக்கம் உட்காருது. முன்சக்கரம் தரையில நிக்கமாட்டேங்குது."

"போன வாரந்தானே மாப்ளே உன் ஒருத்தன் எடைக்கு ஸ்பிரிங்க வச்சுக் குடுத்தேன்? பருத்துட்டியா?"

"சோறே இறங்கல. எங்க பருக்கிறது?"

சுவரில் ஒரு கையை ஊன்றி, கால்களைத் தூக்கி வண்டியில் உட்கார்ந்தான். மெக்கானிக் குனிந்து டேப்பை வைத்தார். ஆறு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வைத்தார். ஆறேதான். அவனை இறங்கச் சொல்லி வெறும் வண்டியை அளந்தார்; கணக்கு சரியாக இருந்தது. ஏறச் சொன்னார். ஆறு.

இரண்டு பேர் உட்கார்ந்தால் அமுங்குகிற அளவு அது. பின் சீட்டில் வெயில் மட்டுந்தான் இருந்தது.

நாலு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தது தானாக வெளியே வந்தது.

"மாப்ளே, முதுகு வலிக்குதுன்னு வந்தியே, அன்னைக்கு ஸ்பிரிங்க இளக்கினேன். ரெண்டு பேரா போறப்ப இறுக்கிக்கணும்னு சொல்ல மறந்துட்டேன். அந்த வளைவுல வண்டி வளையாம வெளிப்பக்கம் ஒதுங்கிப் போனது அதனாலதான்."

அவன் அதிரவில்லை.

"அவளும் அதைத்தான் சொல்றா."

மெக்கானிக் பின் சீட்டை இன்னொரு தடவை பார்த்தார்.

"ரெண்டு பேருக்கு வச்சுக் குடு, மச்சான்."

அவர் ஸ்பேனரை மாட்டி, ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கடைசிப் படிவரை ஏற்றினார். நட்டைத் திருகும் வேலையே தெரியாதவர்போல் இரண்டு தடவை விரலைக் கீறிக்கொண்டார். அவன் ஏறி உட்கார்ந்ததும் அளந்தார். மூன்று.

"அவகிட்டக் கேளு மாப்ளே. என்மேல கோவமா இருக்காளா?"

அவன் தலையைப் பின்பக்கம் சாய்த்துக் காது கொடுத்தான்.

"வாயே திறக்கல, மச்சான்."

வண்டியைக் கிளப்பினான். கடைசிப் படியில் ஒற்றை ஆள் போனால் வண்டி கழுதையாக உதைக்க வேண்டும். வாசல் மேட்டில் ஏறி இறங்கியபோது அது துளியும் துள்ளவில்லை. திருப்பத்தில் கோடு போட்டதுபோல் சாய்ந்து வளைந்து போயிற்று.

"ஏ புள்ள, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினார் மெக்கானிக். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்து, யாரை என்று கேட்டார்.