நாலாம் லைன்

நாலாம் லைனின் கரண்டை நிறுத்தும் பிரேக்கரைக் கழற்றிப் போட்டு, அதில் இல்லாத பழுதை மூன்றாவது நாளாகத் தேடிக்கொண்டிருந்தார் ஃபிட்டர். பழுது இல்லை என்பது உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் மாடியில், கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடிக்குப் பின்னால், ஆறிப்போன டீயோடு உட்கார்ந்திருந்தார்.

இன்ஜினியருக்கு அங்கே பதினோரு வருட சர்வீஸ். கண்ணாடி வழியே பார்த்தால் முற்றம் முழுக்கத் தெரியும். லாரிப் பெட்டி அளவில் இருபத்து நான்கு வெள்ளை பேட்டரிகள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஓயாமல் இரையும் விசிறிகள். தலைநகரம் என்று பெயர்தானே ஒழிய ஊர் சின்னது; இந்த முனையில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் அந்த முனையில் இறங்கிவிடலாம். பகலெல்லாம் சோலார் தகடுகள் பிடிக்கிற வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் ஊருக்குக் கொடுப்பது இந்தப் பெட்டிகளின் வேலை. ஊழியர்கள் இந்த இடத்தை ‘வெயில் கிடங்கு’ என்பார்கள். சேர்ந்தாற்போல மூன்று நாள் மேகம் போட்டால் கிடங்கு காலி. அப்போது ஊருக்குக் கரண்ட் போகும் ஐந்து லைன்களில் ஒன்றை, முறைவைத்து, மாலை ஐந்திலிருந்து ஒரு மணி நேரம் நிறுத்துவார்கள். எந்த நாள் யாருடைய முறை என்ற பட்டியல் முன்கூட்டியே எல்லோருடைய போனுக்கும் போய்விடும். ஊரும் அதை நம்பித்தான் நாளை ஓட்டியது.

போன திங்கட்கிழமை நாலாம் லைனின் முறை. இன்ஜினியரின் வீடு அந்த லைனில்தான். அன்று மாலை ஐந்து மணிக்கு அவர் மகளுக்கு வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றின் நேர்காணல், கம்ப்யூட்டர் வழியாக. “கரண்ட் போனா போன்ல பேசிக்கிறேன்பா, நீங்க டென்ஷன் ஆகாதீங்க” என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். மனைவியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இப்போது பழியில் பாதியைத் தள்ளிவிட ஓர் ஆளாவது இருந்திருக்கும்.

ஐந்து அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது, நாலை விட்டுவிட்டு ஐந்தாம் லைனை நிறுத்தினார். பதிவேட்டில், ‘நாலாம் லைன் பிரேக்கர் உத்தரவை ஏற்கவில்லை’ என்று எழுதினார். ஒரு மணி நேரத்தில் யார் குடி முழுகிவிடப் போகிறது என்றுதான் நினைத்தார். ஃபிட்டரின் வீடு ஐந்தாம் லைனில் இருப்பது அவருக்குத் தெரியும். ஃபிட்டரின் அப்பா ஆக்சிஜன் மெஷினை நம்பி மூச்சு விடுகிறவர் என்பதும் தெரியும். அந்த நேரத்தில் இரண்டும் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். இந்த ‘அவ்வளவுதான்’ அதற்குப் பிறகு அவரைத் தூங்கவிடவில்லை.

இன்றைக்கு நம் முறை இல்லையே என்று, வீட்டிலிருந்த ஒரே சிலிண்டரை நிரப்பக் கொடுத்திருந்தார் ஃபிட்டர். மெஷின் நின்றது. அக்கம்பக்கத்துக்காரர்கள் பெரியவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். உயிர் தங்கியது. பேச்சு மட்டும் சரியாகத் திரும்பவில்லை.

வியாழக்கிழமை ஃபிட்டர் வேலைக்கு வந்தபோது, நாலாம் லைன் பிரேக்கரைச் சரிபார்க்கும்படி அவர் பெயருக்கே உத்தரவு காத்திருந்தது. லைனை மாற்றுவழியில் ஓடவிட்டு, கழற்ற ஆரம்பித்தார்.

நேற்று டீ குடிக்கும்போது அவராகவே பேச்செடுத்தார். “ரெண்டு மாசம் முன்னாடி நான்தான் சார் இதுக்கு சர்வீஸ் பண்ணேன். கிரீஸ் பழசு. புதுசு வரட்டும்னு இருந்திருக்கலாம். என் கையாலயே எங்கப்பாவ…” மீதியைச் சொல்லாமல் டீயை ஊதினார்.

“விடுங்கண்ணே, மெஷின்னா அப்படித்தான்” என்றார் இன்ஜினியர். அதைச் சொன்ன வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போனால் மகளுக்கு இடம் கிடைத்த செய்தி. “நம்ம நல்ல நேரம்பா, அன்னைக்குக் கரண்டே போகல” என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தட்டில் பாதிச் சோற்றை விட்டுவிட்டுக் கை கழுவினார்.

இன்று மதியம் படியிறங்கிப் போனார். தார்ப்பாயில் போல்ட்டுகளும் ஸ்பிரிங்குகளும் துடைத்து வரிசையாக இருந்தன. ஃபிட்டரின் கண்கள் சிவந்திருந்தன.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு சார். எங்க இடிக்குதுன்னு பிடிபடல. சர்வீஸ்ல நான் விட்ட குறைன்னு எழுதிக் கொடுத்துடுறேன்.” சட்டைப் பையில் மடித்த காகிதம் ஏற்கெனவே இருந்தது.

“கொடுக்காதீங்கண்ணே.”

“ஏன் சார்?”

“பிரேக்கர்ல ஒண்ணுமில்ல. நான் அதை நிறுத்தவே பார்க்கல. பொண்ணுக்கு இன்டர்வியூ. எங்க லைனை விட்டுட்டு உங்க லைனை நிறுத்தினேன். எழுதினது பொய்.”

விசிறிகள் இரைந்தன. அடி விழும் என்று இன்ஜினியர் காத்திருந்தார். விழுந்தால் நல்லது என்றுகூட இருந்தது. ஃபிட்டர் கையிலிருந்த துணியை நான்காக மடித்தார். போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார்.

“அப்பாகிட்ட குடு… அப்பா, நீங்க பேச வேணாம், கேட்டுக்குங்க, போதும். அன்னைக்கு என் வேலைல குறையில்லப்பா. என் வேலைல குறையில்ல.” இரண்டாம் முறை குரல் உடைந்தது. யாருடைய குறை என்று சொல்லவில்லை.

“உள்ளதை மேலே நானே எழுதிக் கொடுத்துடுறேண்ணே” என்றார் இன்ஜினியர்.

“அது உங்க பாடு.” ஃபிட்டர் தார்ப்பாயில் மண்டியிட்டார். “அஞ்சு மணிக்குள்ள இதை மாட்டியாகணும். அந்த மூடியைத் தூக்கிப் பிடிங்க.”

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவர் பேச்சில் ‘சார்’ இல்லை.

இரும்பு மூடி. இருவர் பிடிக்க வேண்டியது. இன்ஜினியர் அதை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கி, துளைகளுக்கு நேராக நிறுத்தினார். ஃபிட்டர் முதல் போல்ட்டை எடுத்தார், மரையை விரலால் தடவிப் பார்த்தார், மெதுவாக முடுக்கினார். இரண்டாவதையும் அப்படியே. மேகம் கிழிந்து வெயில் பிடரியில் ஏறியது; வியர்வை கண்ணுக்குள் இறங்கியது; துடைக்கக் கை இல்லை. புஜங்கள் நடுங்கத் தொடங்கின. மொத்தம் பன்னிரண்டு போல்ட். ஃபிட்டர் அவசரமில்லாமல் மூன்றாவதை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.