பதிவு செய்த வயலில் பெய்யும் மழை

கீழப்பொட்டலில் சில வருடங்களாகப் பதிவு செய்த வயல்களில் மட்டும்தான் மழை பெய்கிறது. வளரும் நாடுகளைக் கைதூக்கிவிடப் புறப்பட்ட ஒரு வெளிநாட்டு நிறுவனம், நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே இருக்கிற இந்த ஊரில் அறிவு மையம் ஒன்றைத் திறந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம். வயலை செல்போன் நம்பரோடு பதிந்தால் மழை வரும் நாளை முன்கூட்டியே சொல்வோம் என்றார்கள். சொன்ன நாளில் பெய்தது. பதியாத வயலுக்குப் பெய்யவில்லை. மேகம் வரப்பு வரைக்கும் வந்து நின்றுகொண்டது.

முத்திருளனின் கடலைக்காடு அவன் அப்பா நல்லகாமன் பேரில், அவர் நம்பரில் பதிந்திருந்தது. நல்லகாமன் போன சித்திரையில் இறந்தார். போன் இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது என்று வெற்றிலைப் பெட்டியோடு அதையும் வைத்துப் புதைத்துவிட்டார்கள். வருடம் திரும்பியதும் பதிவைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். புதுப்பிக்க அந்த நம்பருக்கு வருகிற ஓடிபி வேண்டும். நம்பரை மாற்றவும் அதே ஓடிபிதான் வேண்டும். சுற்றிலும் அடைமழை பெய்ய, பூவெடுத்து நின்ற முத்திருளனின் கடலை மட்டும் கருகியது. மையத்தில் வேலை பார்க்கும் அஸ்வினி மேலிடத்துக்கு எழுதிக் கேட்டாள். பயனாளி நேரில் வரவும் என்று பதில் வந்தது. இதை எழுதியவன் சோறுதான் தின்கிறானா என்று தெரியவில்லை.

வெள்ளைக்காரர்கள் மையத்தைப் பார்க்க வந்த அன்று முத்திருளன் பெண்டாட்டி சின்னத்தாய் காரை மறித்தாள். "வானத்தையும் பட்டா போட்டுட்டீகளாய்யா? செத்த மனுசன் எந்திரிச்சா வருவாரு?" கூட வந்த அதிகாரி மொழிபெயர்த்தார். வெள்ளைக்காரர்கள் பூரித்துப்போய்க் கும்பிட்டார்கள். நன்றி சொல்கிறாள் என்று சொல்லியிருக்கிறான், படுபாவி.

சின்னத்தாய் நேராக இடுகாட்டுக்குப் போனாள். போனில் அஸ்வினியைக் கூப்பிட்டு ஓடிபியை அனுப்பச் சொன்னாள். மண்ணுக்கடியில் மணியடித்தது. சார்ஜ் குறையவே இல்லை. மாமனாரின் குழிமேட்டில் காதை வைத்தாள்.

"மாமா, நம்பர் வந்துருக்கா பாருங்க."

"வந்துருக்கு தாயி. எனக்கு எங்க எழுத்துத் தெரியும்?" என்றார் நல்லகாமன். "உசுரோட இருந்தப்ப ஒரு பயலும் சொல்லிக்குடுக்கல. பொதச்சப்புறம் படிங்கிறாய்ங்க."

"எப்படி இருக்குன்னு சொல்லுங்க, போதும்."

"ஒரு கம்பு. பெறகு முட்டை. அருவா மாதிரி ஒண்ணு, இன்னொரு கம்பு..."

ஒன்று, பூஜ்ஜியம், ஏழு, ஒன்று என்று அவள் சொல்லச் சொல்ல அஸ்வினி தட்டினாள். வீடு திரும்புமுன் காட்டில் மழை பிடித்துவிட்டது. பாதிக்கு மேல் கருகிய செடியில் பெய்த மழை. சின்னத்தாய் அதில் நனைந்துகொண்டே மையம் இருந்த திசையைப் பார்த்துக் காறித் துப்பினாள்.

இப்போது இடுகாட்டில் எந்நேரமும் யாராவது ஓடிபி கேட்டு மண்ணில் காதை வைத்துக் கிடக்கிறார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. கடைக்கோடி மனிதனுக்கும் சேவை என்று போர்டு மாட்டி, நிறுவனம் அங்கே ஒரு டவர் நட்டிருக்கிறது. சாயங்காலங்களில் அஸ்வினி ஊர்ப் பெரியவர்களுக்கு எண் சொல்லிக்கொடுக்கிறாள். போன வாரம் உக்கிரபாண்டி தடுமாறாமல் ஒன்பது வரைக்கும் படித்துக் காட்டினார்.

"இனிமே தைரியமாச் சாகலாம்த்தா," என்றார்.