வெள்ளிப் பல் கேட்ட மேசி

விடுதிச் சலவைக்கூடத்தின் பிளீச் வாசனையோடு, வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல், ரொண்டா பல் மருத்துவமனையில் காத்திருந்தாள். பக்கத்தில் மகள் மேசி முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். வலியால் அல்ல.

"எங்க கிளாஸ் ட்ராவிஸுக்கு ரெண்டு வெள்ளிப் பல்லும்மா. சிரிச்சா டார்ச் அடிச்ச மாதிரி இருக்கு. எனக்கும் அதான் வேணும்."

"சும்மா இருடி. உன் சொத்தைப் பல்லைப் பல்லு நிறத்துலதான் அடைக்கப்போறாங்க."

"அது அடைச்சதே தெரியாதாமே!"

"தெரியக் கூடாதுன்னுதானே அது."

"தெரியாததுக்கு எதுக்கும்மா காசு?"

அவர்களுடைய காப்பீடு வெள்ளிக்குத்தான் முழுதாகக் கொடுக்கும். பல் நிறம் வேண்டுமென்றால் மேல்பணம் கையிலிருந்து போகும். அதற்காக ரொண்டா ஞாயிற்றுக்கிழமையும் போர்வை மடித்தாள். கென்டக்கி மலையடிவாரத்து அந்த ஊரில் அவள் வயதுக்காரர்கள் பலருக்கும் வாய் மின்னும். அவளுக்கோ முன்பல்லே வெள்ளி. விடுதியின் வரவேற்பு மேஜை வேலையைப் பலமுறை கேட்டுவிட்டாள். "நீ பின்பக்க வேலைக்குத்தான் லாயக்கு," என்று மேனேஜர் ஹென்ஸ்லி அவள் வாயைப் பார்த்தே சொல்வார். அதிலிருந்து அவள் வாயைப் பொத்தித்தான் சிரிப்பாள்.

உள்ளே மேசி டாக்டரம்மாவின் காதருகே போனாள். "அம்மாவுக்குத் தெரியாம கொஞ்சூண்டு வெள்ளி வெச்சு விடுங்களேன்." டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் முகக்கவசம் நழுவியது. பல் நிறத்தில்தான் அடைத்தார்.

அங்கிருந்து நேரே விடுதிக்கு. சலவைக்கூடக் கண்ணாடியில் பல்லை இளித்துப் பார்த்த மேசி, "நல்லா ஏமாத்திட்டாங்க. ஒண்ணுமே இல்ல!" என்று உதட்டைப் பிதுக்கினாள்.

துண்டு கேட்டு வந்த ஹென்ஸ்லி நின்று பார்த்தார். "அட, ஜோரான பல்லு! பெரியவளானதும் இவளை முன்மேஜையில உக்கார வெச்சிரலாம், ரொண்டா."

ரொண்டாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மடித்த போர்வைகளுக்கெல்லாம் இப்போதுதான் கூலி கிடைத்தது போலிருந்தது.

"எங்கம்மாவை உக்கார வைங்களேன் சார்," என்றாள் மேசி. "அவங்க இப்பவே பெரியவங்கதானே?"

ஹென்ஸ்லி துண்டுகளை எண்ண ஆரம்பித்தார். மேசி சூயிங்கம்மைப் பிரித்து, அதன் வெள்ளித்தாளை நக்கி முன்பல்லில் ஒட்டிக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள். "இப்ப நானும் எங்கம்மா மாதிரி!"

"அதை எடுக்கச் சொல்லு, ரொண்டா. விருந்தாளிங்க வர்ற நேரம்."

"எடுத்துடுடி," என்றாள் ரொண்டா, தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டே.