கப்பல் தம்பி

கதிரவேலு உலக்கையை ஓங்கிய வேகத்தில் உரல் சரிந்தது. செத்தவீட்டுச் சடங்குக்காகச் சுண்ணம் இடிக்கப் போட்டிருந்த மஞ்சளும் அறுகம்புல்லும் பறந்து, குருக்களின் தாடியில் பாதியும், பெட்டியில் கிடந்த அண்ணை தம்பிராசாவின் மேல் மீதியுமாக விழுந்தன. சுண்ணப் பாட்டு நின்றது. ஒப்பாரி நின்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாரென்று பார்த்தால், செத்தவரின் மனைவி குணலட்சுமி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

கதிரவேலு லண்டன்காரர். உலக்கைக்கும் அவருக்கும் பழக்கமில்லை. விடியத்தான் காங்கேசன்துறையில் இறங்கியிருந்தார். சென்னையில் ஏறிய உல்லாசக் கப்பல், பொழுதுபட வெளிக்கிட்டுவிடும். அந்த ஒரு பகலில் தம்பிக்கு ஊர் காட்டவென்று அண்ணை ஒரு கிழமையாகத் திட்டம் போட்டிருந்தார். முந்தநாள் பின்னேரம் சைக்கிளால் இறங்கினார், நெஞ்சைப் பிடித்தார், அவ்வளவுதான். செய்தி நடுக்கடலில் வந்தது. பிள்ளைகள் இல்லாத வீடு, கொள்ளி தம்பியினுடையது. ஆகவே கப்பல் வரும்வரை பிரேதம் காத்திருந்தது. கடைசியில் கிளிகள் பறக்கும் அரைக்காற்சட்டையோடு தம்பி வந்து இறங்கினார். இப்போது கட்டியிருக்கும் வேட்டி இரவல்.

தாடியைத் தட்டிக்கொண்டிருந்த குருக்களிடம் குனிந்து கேட்டார்: "ஐயா, எனக்காண்டி அலைஞ்சதாலைதானோ அண்ணை...?"

"எல்லாம் அவன் கட்டளை. உரலை நிமித்தும்."

கடற்கரைச் சுடலையில் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பியபோது ஓட்டோக்கார ஜஸ்ரின் வழிமறித்தான்.

"ஏறுங்கோ அண்ணை. பெரியவர் உங்களுக்கு ஊர் காட்ட இண்டைக்கு முழுநாளும் என்னைப் பிடிச்சு வைச்சவர்."

"செத்தவீட்டண்டைக்கு ஊர் சுத்திறதோடா?"

"சுடலையாலை வந்தா முழுகத்தானே வேணும்? அவர் சொன்ன முதல் இடமும் கீரிமலைக் கேணிதான்."

கேணிக்கட்டில் தலை துவட்டிக்கொண்டிருந்த ஒருவர் இவரைக் கண்டதும் எழும்பினார். "நீங்களோ கப்பல் தம்பி? உந்தப் படியாலை இறங்குங்கோ. உங்கடை அண்ணை போன கிழமை ஒவ்வொரு படியா இறங்கி நிண்டு ஆழம் பாத்தவர். 'என்ரை தம்பி ஆள் கட்டை, நீந்தவும் தெரியாது' எண்டு."

கேணி முழுக்கச் சிரித்தது. கட்டைத் தம்பியும் சிரித்து, மூக்கில் தண்ணீர் ஏறித் தும்மினார். தும்மல் அடங்கியதும் அவரிடமும் அதையே கேட்டார்.

"சீச்சீ, வயசு போட்டுதெல்லே" என்று அந்த மனிதர் துவாயை உதறினார்.

அடுத்த இடம், வெளிச்சவீடு தெரிகிற கடற்கரையில் குந்தியிருக்க ஒரு வாங்கு. தூரத்தில் கப்பல், கல்யாணவீட்டுக் கேக்கை யாரோ கடலில் விட்டதுபோல் வெள்ளையாக நின்றது. ஜஸ்ரின் இரண்டு ஐஸ்கிறீமோடு வந்தான்.

"உந்த வாங்குக்கு எப்ப நிழல் வரும் எண்டு அறியிறதுக்காகப் பெரியவர் ஒருநாள் காலமையிலையிருந்து உதிலையே குந்தியிருந்தவர். தொப்பிகூட இல்லை."

தம்பிக்கு நிழல் பார்க்க ஒரு மனிதர் வெயிலில் காய்ந்திருக்கிறார். கதிரவேலு ஐஸ்கிறீமை வாயிலிருந்து எடுத்தார்.

"ஜஸ்ரின், உள்ளதைச் சொல்லு. நான் வராட்டி ஆள் இருந்திருக்குமோ?"

"உருகுது அண்ணை. குடியுங்கோ."

வீட்டுக்கு வந்தபோது பந்தலில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நேரமாகிவிட்டது. கதிரவேலு அவசரமாக வாசலில் நின்று குணலட்சுமிக்குக் குரல் கொடுத்தார்.

"மச்சாள், அப்ப போட்டு வாறன்!"

கதிரை அடுக்கியவர்கள் கதிரையோடே நின்றார்கள். செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு வெளிக்கிடுவதில்லை என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கதிரவேலு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

குணலட்சுமி எழும்பி வந்தார். "சொல்லிப்போட்டீர். இனி வரத்தான் வேணும்."

அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் கதிரவேலுவுக்குத் தாங்கவில்லை.

"மச்சாள், காலமையிலையிருந்து கேக்கிறன், ஒருத்தரும் சொல்லுகினமில்லை. என்னாலைதானே?"

"ஓம்" என்றார் குணலட்சுமி.

பந்தலில் யாரோ இருமினார்கள்.

"ஓம், உம்மாலைதான். டொக்டர் வெய்யிலுக்கை போகவேண்டாம் எண்டவர், நானும் மறிச்சனான். கேட்டாத்தானே? பென்சன் எடுத்த நாளிலையிருந்து சாய்மனைக் கதிரையை விட்டு அசையாத மனிசன். இந்த ஒரு கிழமையா விடியவெள்ளன சேவ் எடுத்துப்போட்டு, விசிலடிச்சுக்கொண்டு சைக்கிளை எடுத்திடும். பொழுதுபடக் கறுத்துப்போய் வந்து ஒரே கதை. இரவிலை நித்திரை கொள்ளவும் விடேல்லை. கலியாணம் கட்டின புதுசிலைகூட என்னோடை அவ்வளவு கதைக்கேல்லை." மூச்சு வாங்கினார். "கடைசியாக் கேட்டது என்ன தெரியுமே? 'குணம், உவன் இளநி குடிப்பானோ, சோடாவோ?' எனக்குத் தெரியேல்லை."

துறைமுகப் பக்கம் கப்பல் ஒருமுறை ஊதியது.

கதிரவேலு செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் குந்தினார்.

"இளநி" என்றார்.