நாற்பத்தைந்தில் ஓடிய முப்பத்துமூன்று

எங்கள் இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பெயர் டிஸ்கோஸ் ஃபரோலா. பெயர்தான் பெரிது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே ஒற்றை அறை. முதலாளியும் பாடகரும் என் புருஷன் எலாடியோ, மற்ற எல்லா வேலைக்கும் நான். அறுபத்தொன்பதாம் வருஷத்தில் எங்கள் தட்டுகளைச் சீண்ட அந்த ஊரில் ஆளில்லை. புதுப் பையன்கள் டிராம்போன் என்ற பித்தளை ஊதுகுழலை வைத்து அலறிக்கொண்டிருக்க, இவர் கனத்த குரலில் நிதானமாகப் பாடிக்கொண்டிருந்தார். எனக்கு அலுத்துவிட்டது. இழுத்து மூடிவிடலாம் என்றேன்.

அப்போதுதான் கொலம்பியாவில் காலி என்ற நகரத்திலிருந்து அழைப்பு வந்தது. எங்கள் பழைய தட்டு ஒன்று அங்கே தெருத்தெருவாக ஓடுகிறதாம், நேரில் வந்து பாட வேண்டுமாம். அந்த ஊர் ஏற்றுக்கொண்டால் கம்பெனி பிழைக்கும். இல்லையென்றால் மூடுவதுதான்.

"பாத்தியா கிழவி? என் குரலுக்குன்னு ஒரு ஊரு இருக்கு!"

"இருக்கட்டும். மூணு பாட்டுக்கு மேல பாடாத. மூச்சு வாங்குது உனக்கு."

நடன அரங்கத்தில் நுழைந்தபோதே எங்கள் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. கேட்டதும் திக்கென்றது. நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்று என்ற வேகத்தில் ஓட வேண்டியதை நாற்பத்தைந்தில் விட்டிருந்தார்கள். எலாடியோவின் குரல் சின்னப் பெண்ணின் குரலாகக் கீச்சிட்டது. ஆடுகிறவர்களின் கால் தரையில் பாவவில்லை.

அரங்கத்து முதலாளி எவெலியோவைப் பிடித்தேன். "என்னங்க இது, வேகம் தப்பா இருக்கே?"

"தப்பா? இங்க எப்பவும் இப்படித்தாம்மா. மெதுவா போட்டா எங்க ஆளுங்க தூங்கிடுவாங்க. ஆமா, ஐயா மட்டும்தான் வந்திருக்காரா? உங்க குழுவுல பாடுற பொண்ணு வரலையா?"

தட்டின் உறையில் 'எலாடியோ குழு' என்று மட்டும்தான் போட்டிருந்தோம். படம் போட வசதியில்லை.

எவெலியோ கேட்டது எலாடியோவின் காதில் விழுந்தது. நேராக மேடையேறினார். உள்ளூர் வாத்தியக்காரர்கள் வாசிக்க, தன் நிதானத்திலேயே ஆரம்பித்தார். முதல் அடி முடியுமுன் "வேகம்! வேகம்!" என்று கூச்சல். பாவம், அவரும் ஓட்டிப் பார்த்தார். வார்த்தை இடறி, இருமல் வந்துவிட்டது.

"பெரியவரே, எறங்கி வாங்க! தட்டே பாடட்டும்!" என்றான் எவனோ. கூட்டம் சிரித்தது. நான் போய் அவரைக் கைபிடித்து இறக்கினேன்.

தட்டையே போட்டார்கள். அரங்கம் மறுபடி துள்ளியது. மூலை மேசையில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். ஆடிக் களைத்த ஒரு பெண் வந்து, எங்கள் தண்ணீரை எடுத்துக் குடித்தாள். மேடையில் நின்றவர் இவர்தான் என்றுகூட அவள் கவனிக்கவில்லை.

"ஐயா, இந்தப் பாடகியத் தெரியுமா உங்களுக்கு? என்னமா பாடுறா!"

"தெரியும்மா," என்றார் எலாடியோ. "நல்லாத்தான் பாடினா. இன்னியோட விட்டுட்டா."

"அடப் பாவமே!" என்றவள், பாட்டு முடிந்துவிடப் போகிறதென்று ஆட ஓடினாள்.